சரக்கைப் பார்க்கக் கூடாத வங்கி சாக்கைத் தேடும்போது

இந்தியச் சட்டக் கல்லூரிகளில் கடனுறுதிக் கடிதம் என்னும் பாடம் பெரும்பாலும் தலைகீழாகவே நடத்தப்படுகிறது. கடிதத்தின்கீழ்ப் பணம் கொடுப்பது வங்கியின் கடமை என்ற விதிக்கு ஒரு வாக்கியம். அந்தக் கடமையிலிருந்து வங்கி எப்போதெல்லாம் விலகலாம் என்ற விலக்குகளுக்கு மீதி மணிநேரம் முழுவதும். மாணவர் கருத்தரங்குக் கட்டுரைகளும் அதே தடத்தில்தான் செல்கின்றன. மோசடி விலக்கு, ஈடுசெய்ய முடியாத அநீதி, தனிச்சிறப்பான நியாயங்கள் என்று தலைப்புகள் பெருகுகின்றன. ஒப்புக்கொண்ட பணத்தை வங்கி ஏன் கொடுக்கவில்லை என்ற நேரான கேள்வியை எழுப்பும் கட்டுரை அரிதாகவே கண்ணில் படுகிறது. விலக்கை விதியாகப் படித்து வெளியேறும் இளைஞர்தான் பின்னர் வழக்கறிஞராகித் தடையாணை மனு எழுதுகிறார். அவருடைய வகுப்புத் தோழர் நீதிபதியாகி அதை அனுமதிக்கிறார்.

எனவே அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. சந்தையில் எல்.சி. என்று வழங்கும் இந்தக் கடிதம் ஏன் பிறந்தது? ஒருவரையொருவர் அறியாத இரு வணிகர்கள், நடுவே கடல். பணம் வராமல் சரக்கை ஏற்ற விற்பவருக்கு மனமில்லை. சரக்கு ஏறாமல் பணம் அனுப்ப வாங்குபவருக்குத் துணிவில்லை. இந்த முட்டுக்கட்டையை உடைக்க வங்கி தன் சொல்லை நடுவில் வைக்கிறது. ‘குறிப்பிட்ட ஆவணங்களைக் குறிப்பிட்ட நாளுக்குள் கொண்டுவந்து தந்தால் பணத்தை நானே தருவேன்’ என்பது அந்தச் சொல். அது வாங்குபவரின் சார்பில் சொல்லும் சொல் அன்று. வங்கியின் சொந்தக் கடப்பாடு. முகத்தைக் கண்டவுடன் பணம் தரவேண்டிய தரிசன உண்டியல்களைக் கொண்டு நூற்றாண்டுகள் வணிகம் நடத்திய ஒரு துணைக்கண்டத்துக்கு இந்தத் தத்துவம் அந்நியமானதும் அன்று. உண்டியலைக் கொண்டுவந்தவரிடம் ‘மூட்டையில் இருந்த மிளகு நல்ல மிளகா?’ என்று கேட்ட பேட்டைக்கு மறுமுறை யாரும் உண்டியல் எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சொல்லின் இலக்கணத்தைப் பன்னாட்டு வணிகச் சபை 1933 முதல் தொகுத்து வருகிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 2007 ஜூலை 1 அன்று செயலுக்கு வந்த யு.சி.பி. 600, மொத்தம் 39 விதிகள். கடிதம் என்பது, அது எந்த விற்பனை ஒப்பந்தத்திலிருந்து பிறந்ததோ அந்த ஒப்பந்தத்திலிருந்து தனியானது என்கிறது 4ஆம் விதி. வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, சரக்கையோ சேவையையோ அன்று என்கிறது 5ஆம் விதி. ஆவணங்கள் வந்து சேர்ந்த மறுநாளிலிருந்து அதிகபட்சம் 5 வங்கி வேலை நாள்களுக்குள் அவற்றை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யவேண்டும் என்கிறது 14ஆம் விதி, முந்தைய யு.சி.பி. 500இல் இது நியாயமான காலம், ஆனால் 7 நாள்களுக்கு மிகாமல் என்று இருந்தது. 16ஆம் விதிதான் இவற்றுள் கூர்மையானது. மறுக்கும் வங்கி ஒரே அறிவிப்பில் ஒவ்வொரு முரண்பாட்டையும் எடுத்துச் சொல்லியாக வேண்டும். உரிய காலத்தில் உரிய முறையில் சொல்லத் தவறினால், பின்னர் அந்த ஆவணங்கள் கடிதத்துக்கு ஒத்துவரவில்லை என்று வாதிடும் உரிமையே அதற்கு இல்லை.

இந்த விதிகளை எழுதியவர்கள் வங்கியாளர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வெளியிலிருந்து எந்த அரசும் சுமத்திய பாரம் அன்று இது. தங்கள் தொழிலின் நாணயம் எதில் அடங்கியிருக்கிறது என்பதைத் தாங்களே உணர்ந்து தங்கள்மீது தாங்களே விதித்துக்கொண்ட ஒழுங்கு.

மோசடி விலக்கின் பிறப்புக் கதை இந்தியாவோடு பிணைந்தது என்பதைப் பலர் அறிந்திருந்தும், அதன் ஒரு முக்கியமான கூறு மட்டும் வகுப்பறையில் விடுபட்டுப்போகிறது. 1941இல் நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்த ஸ்டெய்ன் எதிர் ஹென்றி ஷ்ரோடர் வங்கி வழக்கு அது. அமெரிக்க வாங்குநர் ஒருவர் இந்திய நிறுவனம் ஒன்றிடம் பன்றிமயிர் கேட்டிருந்தார். விற்றவரோ 50 பெட்டிகளில் பசுமயிரையும் குப்பைகூளத்தையும் அடைத்துக் கப்பலேற்றிவிட்டு, சரியான ஆவணங்களைத் தயார்செய்து, கான்பூரில் இருந்த சார்ட்டர்ட் வங்கிக் கிளை வழியாகப் பணத்தைக் கோரினார் என்பது வாங்கியவரின் குற்றச்சாட்டு. பணம் கொடுப்பதைத் தடுக்கலாம் என்றார் நீதிபதி ஷைன்டாக். உலகெங்கும் மோசடி விலக்குக்கு மூலத் தீர்ப்பு இதுவே.

விடுபட்டுப்போகும் கூறு என்னவென்றால், அந்த வழக்கில் மோசடி நிரூபிக்கப்படவே இல்லை. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யவேண்டும் என்ற மனுவின்மீது வந்த தீர்ப்பு அது. அத்தகைய மனுவைப் பரிசீலிக்கும் நீதிமன்றம் வாதியின் குற்றச்சாட்டுகள் அனைத்தும் உண்மை என்று அனுமானித்துக்கொண்டே பேசவேண்டும். எனவே அது நிறுவியது இவ்வளவுதான்: சரக்கு என்ற பெயரில் வெறும் குப்பை அனுப்பப்பட்டது உண்மையானால், பணம் கோருவது கள்வனின் கோரிக்கை. தரக்குறைவான சரக்குக்கும் சரக்கே இல்லாமைக்கும் இடையே நீதிபதி ஷைன்டாக் தெளிவாகக் கோடு கிழித்தார். உத்தரவாத மீறல் பற்றிய தகராறு வேறு, அது வங்கியைத் தொடாது என்று சொல்லித்தான் விலக்கை உருவாக்கினார். இந்தியத் தடையாணை மனுக்களில் இந்தத் தீர்ப்பு மேற்கோளாக வரும்போது அந்தக் கோடு மட்டும் அழிந்துவிடுகிறது. அனுமானிக்கப்பட்ட மோசடியைக் கொண்டு எழுந்த விதியை, குற்றம் சாட்டினாலே போதும் என்று படிப்பவர்கள் தீர்ப்பின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

இந்திய உச்ச நீதிமன்றத்தை இதில் குறை சொல்ல இடம் குறைவு. 1960களின் இறுதியில் தாராபூர் எதிர் டிராக்டர்ஸ் எக்ஸ்போர்ட் வழக்கு சென்னையிலிருந்து டெல்லி சென்றது. பராக்கா அணைத் திட்டத்தின் கால்வாய் வெட்டும் பணிக்காகச் சோவியத் நிறுவனத்திடம் மண்வாரி இயந்திரங்கள் வாங்கிய சென்னை நிறுவனம், இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி உழைக்கவில்லை என்று சொல்லிக் கடிதத்தின்கீழ்ப் பணம் போவதைத் தடுக்க முயன்றது. இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்கவில்லை. இயந்திரம் உழைத்ததா இல்லையா என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான வழக்கு. வங்கியின் வாக்கு அதற்குப் பிணையன்று. 1981இல் யுனைடெட் கமர்ஷியல் வங்கி எதிர் பேங்க் ஆஃப் இந்தியா வழக்கில் பீகாருக்குப் போன கடுகெண்ணெய் பேசுபொருளானது. அங்கே பிரச்சினை தரமன்று. கடிதம் விவரித்த எண்ணெயும் ரயில்வே ரசீது விவரித்த எண்ணெயும் சொல்லளவில் வேறுபட்டன. நீதிபதி ஏ.பி. சென் எழுதிய அந்தத் தீர்ப்பு இரண்டு கொள்கைகளையும் ஒரே மூச்சில் சொன்னது: ஆவணம் கடிதத்தோடு கண்டிப்பாக ஒத்துவர வேண்டும்; வங்கிகளுக்கு இடையிலான இந்தக் கடப்பாடுகளில் நீதிமன்றம் தடையாணையோடு நுழையக் கூடாது. 1986இல் சென்டாக்ஸ், 1988இல் உ.பி. கூட்டுறவு சம்மேளனம் என்று அதே திசையில் தீர்ப்புகள் வரிசையாக வந்தன. வங்கியின் இத்தகைய கடப்பாடுகள் பன்னாட்டு வணிகத்தின் உயிர்க்குருதி என்ற உருவகம் அலுப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. (ஹார்பாட்டில் வழக்கில் இங்கிலாந்து நீதிபதி கெர் அந்த உருவகத்தைச் சொன்னது எகிப்திய வாங்குநர்களுக்குத் தந்த நிறைவேற்ற உத்தரவாதங்கள் பற்றி, கடனுறுதிக் கடிதம் பற்றி அன்று. உத்தரவாதமும் கடிதமும் கலந்து குழம்பும் கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது.)

அந்தக் குழப்பம் இந்தியாவில் முற்றியது எங்கே என்று பார்ப்பது பயனுள்ளது. 2007இல் ஹிமாத்ரி கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடையாணைக்கான கொள்கைகளைத் தொகுத்துத் தந்தது. இன்று கீழமை நீதிமன்றங்களில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படும் தொகுப்பு அதுதான். அதில் இரண்டு விலக்குகள். முதலாவது, அடிப்படையையே அழிக்கும் அப்பட்டமான மோசடி. இரண்டாவது, வங்கி உத்தரவாதத்தை அல்லது கடனுறுதிக் கடிதத்தைப் பணமாக்க அனுமதித்தால் ஒரு தரப்புக்கு ஈடுசெய்ய முடியாத தீங்கோ அநீதியோ நேரும் நிலை. இரண்டு கருவிகளும் அங்கே ஒரே வாக்கியத்தில், ‘அல்லது’ என்னும் ஒரு சொல்லால் பிணைக்கப்பட்டுள்ளன. அந்த ‘அல்லது’தான் சிக்கல்.

இரண்டாம் விலக்கின் வேர் எது? ஐடெக் நிறுவனம் பாஸ்டனில் தொடுத்த வழக்கு. ஈரானின் போர் அமைச்சகத்துடன் ஒப்பந்தம் செய்திருந்த அமெரிக்க நிறுவனம் அது. 1979 புரட்சிக்குப் பின் ஒப்பந்தம் முறிந்தது. ஈரானிய வங்கி உத்தரவாதப் பணத்தைக் கோரியது. ஈரான் நீதிமன்றங்களில் போய் நியாயம் கேட்க வழியே இல்லாத நிலையில் அமெரிக்க நீதிமன்றம் தடை தந்தது. அங்கே இருந்த கருவி காத்திருப்புக் கடிதம். பெயரளவில் கடிதம், செயலளவில் உத்தரவாதம். ஒப்பந்தம் மீறப்பட்டால் மட்டுமே உயிர்பெறும் காப்புக் கருவி. 1997இல் உ.பி. மாநிலச் சர்க்கரைக் கழகம் எதிர் சுமக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றபோதும், பேசியது உத்தரவாதத்தைப் பற்றி. பணத்தைத் திரும்பப் பெறவே முடியாது என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டவேண்டும் என்ற கடுமையான நிபந்தனையோடு.

வணிகக் கடனுறுதிக் கடிதம் அப்படிப்பட்டதன்று. மீறல் நேர்ந்தால் விழித்தெழும் காவல்நாய் போன்றது உத்தரவாதம். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போதே பணம் போகும் வாய்க்கால் கடிதம். உத்தரவாதத்தில் பணம் கேட்பவர் எதையும் கொடுக்காமலேயே கேட்கக்கூடும். ஆகவே அநியாயக் கோரிக்கைக்கு அங்கே இடம் அதிகம். கடிதத்தில் பணம் கேட்பவர் கப்பல் ரசீதை ஒப்படைத்துவிட்டுக் கேட்கிறார். அந்த ரசீதைக் கொண்டுதான் வாங்குபவர் துறைமுகத்தில் சரக்கை எடுக்கப்போகிறார். சரக்குக்கு உரிமை தரும் தாளைக் கையில் வாங்கிக்கொள்ள வழி இருக்கும்போது, அதற்குரிய விலையைக் கொடுப்பது எப்படி ஈடுசெய்ய முடியாத அநீதி ஆகும்? சரக்கு தரமற்றது என்றால் இழப்பீடு கேட்கலாம். விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறார், வழக்குச் செலவு அதிகம் என்பதெல்லாம் வெளிநாட்டு வணிகத்தில் எப்போதும் இருப்பவை. கடிதம் திறந்த நாளிலும் இருந்தவை. புரட்சி நடந்த நாட்டின் நிலையை, விலை இறங்கியதால் வருந்தும் இறக்குமதியாளரின் நிலைக்குச் சமமாக்கும் அளவுக்கு அந்த ‘அல்லது’ நீட்டப்படுகிறது.

விலை இறங்கியதால் என்ற சொல் இங்கே தற்செயலாக விழுந்தது அன்று. தரத்தைப் பற்றிய புகார்கள் எப்போது பிறக்கின்றன என்பதைச் சந்தையைக் கவனிப்பவர் அறிவர். சமையல் எண்ணெய், பருப்பு, உலோகக்கழிவு, நிலக்கரி எதுவாயினும், கப்பல் கடலில் இருக்கும்போது சந்தைவிலை சரிந்தால் ஆவணங்களில் குறை தேடும் ஆர்வம் திடீரெனப் பெருகும். விலை ஏறினால் அதே குறைகளை யாரும் காண்பதில்லை.

இப்போது வங்கிகளிடம் வரவேண்டும். இந்தக் குற்றச்சாட்டின் முதன்மை இலக்கு அவையே. கண்டிப்பான ஒத்திசைவு, தனிநிலை ஆகிய இரண்டும் ஒரே நாணயத்தின் இருபக்கங்கள். ஒரு சொல் பிசகினாலும் வங்கி மறுக்கலாம். சரக்கு முழுவதும் அழுகியிருந்தாலும் மறுக்கக் கூடாது. முன்னது வாங்குபவருக்குக் காவல். பின்னது விற்பவருக்குக் காவல். 1920களில் பட்டேவியாவிலிருந்து வனிலா வாங்கிய டாசன் நிறுவனத்தின் கதை இதற்குச் சான்று. நிபுணர்கள் கையொப்பமிட்ட தரச்சான்று வேண்டும் என்று வாங்கியவர் பன்மையில் சொல்லியிருக்க, தந்திச் சங்கேதத்தில் பன்மை தொலைந்து, ஒரே நிபுணரின் சான்றை ஏற்று வங்கி பணம் கொடுத்துவிட்டது. வந்த சரக்கில் குச்சியும் கல்லும் பழைய இரும்பும் இருந்தன. வாங்கியவரிடம் அந்தப் பணத்தை வங்கி கோர முடியாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஏறத்தாழ அதே ஆவணம் என்பதற்கு இத்துறையில் இடமில்லை. அந்த ஒற்றை விகுதியில் வாங்குபவரின் முழுப் பாதுகாப்பும் அடங்கியிருந்தது. விதி அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆனால் முதல் உரிமையைக் கொண்டு இரண்டாம் கடமையை ஏய்ப்பது வேறு. அதன் நடைமுறை எல்லோரும் அறிந்ததே. ஆவணங்கள் வருகின்றன. வாங்கியவர் வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்துச் ‘சற்றுப் பொறுங்கள்’ என்கிறார். அவர் வங்கியின் பழைய வாடிக்கையாளர். அவருடைய கடன் கணக்கு ஏற்கெனவே தள்ளாடுகிறது. பணம் கொடுத்தால் அவரிடமிருந்து திரும்பி வருமா என்பது ஐயம். கிளை அலுவலர் பூதக்கண்ணாடியை எடுக்கிறார். விலைப்பட்டியலில் முகவரியின் அஞ்சல் குறியீடு விடுபட்டிருக்கிறது. மூட்டை எடைப்பட்டியலில் ஓர் எழுத்துப் பிழை. தரவுகள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கவேண்டியதில்லை, முரண்படாமல் இருந்தால் போதும் என்று 14ஆம் விதியே சொல்வதை அலுவலர் மறந்துவிடுகிறார். அதுவும் கைகொடுக்காதபோது, வாங்கியவர் நீதிமன்றத்துக்குப் போகும்வரை ஐந்து நாள்களும் மௌனத்தில் கழிகின்றன. உலகளவில் முதல்முறை சமர்ப்பிக்கப்படும் ஆவணங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மறுக்கப்படுவதாக ஆய்வுகள் காட்டின என்று யு.சி.பி. 600இன் முன்னுரையே குறிப்பிடுகிறது. அத்தனையும் நேர்மையான மறுப்புகள்தாம் என்று நம்புவதற்குக் குழந்தை மனம் வேண்டும்.

தடையாணை மனு வந்ததும் வங்கி எடுக்கும் நிலைப்பாடு இன்னும் வியப்புக்குரியது. வாதி வங்கியின் வாடிக்கையாளர், பிரதிவாதி வங்கி, பணம் பெறவேண்டியவரோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், பல வேளைகளில் அறிவிப்புகூடக் கிடைக்காமல். ‘நீதிமன்றம் எப்படி உத்தரவிட்டாலும் கட்டுப்படுகிறோம்’ என்று வங்கியின் வழக்கறிஞர் சொல்லிவிட்டு அமர்கிறார். இதை நடுநிலை என்று பலர் மதிக்கிறார்கள். தன் சொந்த வாக்கைத் தடுக்கச் சொல்லும் மனுவில் வாக்களித்தவர் நடுநிலை வகிக்க முடியாது. அது மறுப்பின் நாகரிகமான வடிவம். ஐந்து நாள்களுக்குள் எழுத்தில் சொல்லத் துணியாத மறுப்பை, நீதிமன்றத்தின் வாயால் சொல்லவைக்கும் உத்தி. தடையாணை கிடைத்துவிட்டால் வாதிக்கு வழக்கை முடிக்கும் அவசரம் இல்லை. இடைக்கால ஆணையே இறுதித் தீர்ப்பாகிவிடுகிறது.

இதில் பெரும்பாலானவை பொதுத்துறை வங்கிகள் என்பது சிறு செய்தியன்று. கடிதங்களின்கீழ் வரும் உண்டியல்களுக்குப் பணம் மறுக்கப்பட்டால், அந்தக் கருவியின் நம்பகத்தன்மையும் வங்கிகள் வழியாக நடக்கும் கொடுப்பனவு முறை முழுவதும் கெடும். எனவே புகாருக்கு இடமின்றி உடனுக்குடன் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி தன் தலைமைச் சுற்றறிக்கையில் வலியுறுத்தியிருக்கிறது. ஒரு நாட்டின் மைய வங்கி இதைத் தன் வங்கிகளுக்கு எழுத்தில் நினைவூட்ட வேண்டி வந்ததே போதிய சாட்சியம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலிமையான வடிவில் எடுத்துக்கொள்வதே முறை. அது இப்படிச் செல்லும்: தனிநிலைக் கொள்கை பலசாலியின் கொள்கை. சிறு இறக்குமதியாளர் ஒருவர், பெயர்ப்பலகை மட்டுமே உள்ள ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் ஏமாந்தால், பணம் போனபின் அந்த நிறுவனம் மறைந்துவிடும். பிறகு வழக்குத் தொடுக்கச் சொல்வது கேலி. இந்தத் துயரம் உண்மையானது. ஆனால் அதற்கான மருந்து எங்கே இருக்கிறது? கடிதத்தைத் திறக்கும்போது என்ன ஆவணம் வேண்டும் என்று தீர்மானிப்பவர் வாங்குபவர்தாம். ஏற்றுமதித் துறைமுகத்தில் பெயர் குறிப்பிட்ட ஆய்வு நிறுவனத்தின் சான்று வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், குப்பை அடைத்த பெட்டிகள் கப்பலேறுவது கடினம். அந்த வரியை எழுதாதவர் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறார். அந்த மிச்சத்தின் விலையை விற்பவர்மீதும், ஆவணங்களை நம்பிப் பணம் கொடுத்த இடைப்பட்ட வங்கிமீதும் சுமத்த அவருக்கு உரிமையில்லை. அதையும் மீறி அப்பட்டமான மோசடி நிகழ்ந்தால், விலக்கு இருக்கவே செய்கிறது. அதை யாரும் ஒழிக்கச் சொல்லவில்லை.

மோசடி யாருடையது என்பதும் முக்கியம். 1980களில் பிரபுக்கள் சபை முடிவு செய்த யுனைடெட் சிட்டி மெர்ச்சண்ட்ஸ் வழக்கில், 1976 டிசம்பர் 16 அன்று ஏறிய சரக்கு 15 அன்று ஏறியதாகக் கப்பல் ரசீதில் பொய்த் தேதி இடப்பட்டிருந்தது. இட்டவர் சரக்கேற்றும் தரகரின் ஊழியர். விற்றவருக்கு அது தெரியாது. வங்கி பணம் கொடுத்தாகவேண்டும் என்றார் டிப்ளாக் பிரபு. மோசடி செய்தவர் பணம் பெறக் கூடாது என்பதே விலக்கின் காரணம். செய்யாதவரைத் தண்டிப்பது அன்று. இந்தத் தீர்ப்பை விமர்சிக்க இடமுண்டு, போலி ஆவணம் எவர் கையில் இருந்தாலும் போலிதானே என்ற கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. என்றாலும் இந்திய மனுக்களில் அந்தக் கேள்விகூட எழுவதில்லை; ‘மோசடி’ என்ற சொல் எங்காவது தென்பட்டால் போதும் என்றாகிவிட்டது. ஆவணங்களை வாங்கி நல்லெண்ணத்தோடு முன்கூட்டியே பணம் தந்துவிட்ட வங்கியின் நிலையையும் இத்தகைய மனுக்கள் கணக்கில் எடுப்பதில்லை. தவணைக் கடிதங்களில் அவ்வாறு முன்பணம் தந்த வங்கி, தவணை வருமுன் மோசடி வெளிப்பட்டதால் இழப்பைத் தானே சுமந்தது இங்கிலாந்தில் சான்டாண்டர் எதிர் பேஃபெர்ன் வழக்கில். அதற்குப் பின்னரே யு.சி.பி. 600இன் 12ஆம் விதி அத்தகைய வங்கிக்கு வெளிப்படையான அதிகாரமும் காப்பும் தந்தது. பெடரல் வங்கி எதிர் வி.எம். ஜோக் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் 2000ஆம் ஆண்டு வாக்கில் அதே நியாயத்தின் பக்கமே நின்றது.

2018இல் வெளிப்பட்ட பெரும் வங்கி மோசடியைக் காட்டி, ‘ஆவணத்தை மட்டும் பார்த்ததன் விளைவு இது’ என்று எழுதியவர்களும் உண்டு. அங்கே கைமாறியவை பொறுப்பேற்புக் கடிதங்கள். வங்கியின் கணக்கு மென்பொருளில் பதியாமல் ஸ்விஃப்ட் வழியாக அனுப்பப்பட்டவை. ஆவணச் சரிபார்ப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 2018 மார்ச் 13 அன்று ரிசர்வ் வங்கி இறக்குமதிக் கடனுக்கான பொறுப்பேற்புக் கடிதங்களை நிறுத்தியது. கடனுறுதிக் கடிதங்களைத் தொடர அனுமதித்தது. இந்த வேறுபாடு தெரியாமல் ஆய்வேடு எழுதுவது மன்னிக்கத்தக்கது. மதிப்பிடும் பேராசிரியருக்கும் தெரியாதிருப்பது அப்படியன்று.

தளர்ச்சியின் செலவை யார் சுமக்கிறார் என்பதைப் பேசாமல் இந்த விவாதம் முழுமையடையாது. ஒரு நாட்டின் வங்கிகள் கொடுப்பதில் தயங்கும், நீதிமன்றங்கள் எளிதில் தடுக்கும் என்ற பெயர் பரவினால், வெளிநாட்டு விற்பனையாளர் தம் நாட்டு வங்கி ஒன்றின் உறுதிப்பாடும் வேண்டும் என்று கேட்பார். 8ஆம் விதியின்படி உறுதிப்படுத்தும் வங்கி தன் சொந்தக் கடப்பாட்டைக் கூடுதலாகத் தருகிறது. அதற்குக் கட்டணம் வாங்குகிறது. அது பெரும்பாலும் இறக்குமதியாளரின் தலையிலோ சரக்கின் விலையிலோதான் வந்து விடிகிறது. தடையாணை பெற்றவர் தப்பித்துக்கொள்கிறார். ஒழுங்காகப் பணம் கொடுக்கும் நூறு பேர் அவருடைய சாமர்த்தியத்துக்கு விலை செலுத்துகிறார்கள். மறுபுறம் மொராதாபாத்தின் பித்தளைப் பாத்திரமும் திருப்பூரின் பின்னலாடையும் வெளிநாட்டு வங்கிகளின் சொல்லை நம்பியே கப்பலேறுகின்றன. அந்த வங்கிகள் இதே சாக்குகளைச் சொல்லும்போது இந்தியத் தரப்பு யு.சி.பி.யின் புனிதத்தைப் பற்றிக் குரல் உயர்த்துகிறது.

தீர்வு தொலைவில் இல்லை. அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பின் 5ஆம் பிரிவு, தடை கோருபவரிடம் முக்கியமான மோசடியைக் காட்டும்படி கேட்பதோடு, தடையால் பாதிக்கப்படுவோருக்கு இழப்பு நேராதவாறு காப்பு இருக்கவேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு பணம் தந்த இடைநபர்களை விலக்கி வைக்கிறது. 2005இல் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் வெளியிட்ட விதிகளும் போதிய பிணை இல்லாமல் தடை இல்லை என்கின்றன. இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. தேவையும் அவ்வளவாக இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் ஆணையின்கீழ் நீதிபதிகளுக்கு இருக்கும் அதிகாரமே போதும். கடிதத்தின் முழுத் தொகையையும் வட்டியோடு நீதிமன்றத்தில் செலுத்தச் சொல்லலாம். பயனாளிக்கு அறிவிப்பு இல்லாமல் மனுவைக் கேட்க மறுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆவணங்கள் ஒத்துவருகின்றனவா இல்லையா என்பதில் தன் சொந்த முடிவு என்ன, அதை எந்த நாளில் எடுத்தது என்று வங்கியையே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யச் சொல்லலாம். ஐந்து நாள்கள் கடந்துவிட்டிருந்தால் 16ஆம் விதி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஹிமாத்ரித் தொகுப்பில் உள்ள அந்த ‘அல்லது கடனுறுதிக் கடிதம்’ என்ற சொற்களை இரண்டாம் விலக்கிலிருந்து நீக்க, பொருத்தமான ஒரு வழக்கில் பெரிய அமர்வு ஒன்று முன்வர வேண்டும். அதற்கான வாதத்தை எழுதித் தரவேண்டியவர்கள், இப்போதைக்கு மோசடி விலக்கை இன்னும் எவ்வளவு விரிக்கலாம் என்று கருத்தரங்கு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.